மீகாமன் இல்லாக் கலம்

நுழையும்முன்

கலங்கரை விளக்கம் என்னும் சொல்லில் 'கரைதல்' என்பது அழைத்தலைக் குறிக்கும். கலங்களைக் கரைக்கு அழைக்கும் விளக்கு அது. விளக்கேற்றி அழைப்பவர் ஒருவர், அதைக் கண்டு கலத்தைத் திருப்புபவர் ஒருவர் என இரு மனிதரை அச்சொல் தன்னுள் கொண்டிருக்கிறது. இன்று அவ்விருவருள் ஒருவர் கலத்தைவிட்டு இறங்கத் தொடங்கியிருக்கிறார். தானே வழியறிந்து செல்லும் கப்பல்கள் உலகின் சில கடல்களில் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கான பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டுவரும் இக்காலத்தில், வடசென்னைக் கரையில் நின்று அவ்விதிகளை நோக்குகிறது இக்கட்டுரை.

எண்ணூரில் ஒரு மோதல்

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள். பொழுது புலர இன்னும் நேரமிருந்தது. எரிவாயுவை இறக்கிவிட்டு எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திலிருந்து வெளியேறிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்னும் கப்பலும், முப்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோலியப் பொருள்களைச் சுமந்து துறைமுகத்தை நோக்கி வந்த 'டான் காஞ்சிபுரம்' என்னும் கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன. டான் காஞ்சிபுரம் கப்பலின் எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்தது.

துறைமுகத்தின் முதல் அறிவிப்பு, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்றே கூறியது. ஆனால் கடல் வேறு செய்தியைக் கரைக்குக் கொண்டுவந்தது. எர்ணாவூர் பாரதியார் நகரின் கருங்கல் தடுப்புகளுக்கிடையே தார்போன்ற கசடு திரண்டு நின்றது. பின்னர் அது திருவொற்றியூர், காசிமேடு, மெரினா எனத் தெற்கு நோக்கி நகர்ந்தது. கசிந்த எண்ணெயின் அளவு குறித்த மதிப்பீடுகள் நாளுக்கு நாள் உயர்ந்தன. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது. எண்ணெய் படிந்த ஆமைகளின் உடல்கள் கரையில் ஒதுங்கின. மீன் வாங்க மக்கள் அஞ்சினர். எந்தக் கப்பலிலும் ஏறாத மீன்விற்கும் பெண்களின் கூடைகள் விற்காத மீனோடு திரும்பின.

கசடை அகற்ற வந்த உறிஞ்சு இயந்திரங்கள் அதன் அடர்த்திக்கு ஈடுகொடுக்கவில்லை. கடலோரக் காவல்படையினர், மாணவர்கள், தன்னார்வலர்கள், மீனவர்கள் என ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று வாளிகளால் அள்ளினர். உலகின் பெரும் எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகும் கடற்கரையில், விபத்துக்குப்பின் கைக்கு உதவியது ஒரு நெகிழி வாளி.

அவ்விரு கப்பல்களும் ஆளில்லாக் கப்பல்கள் அல்ல. பயிற்சி பெற்ற மாலுமிகள் இரண்டிலும் இருந்தனர். அவ்வகைக் கப்பல்கள் கட்டாயமாகக் கொண்டிருக்க வேண்டிய ரேடார், தம் பெயரையும் இடத்தையும் வேகத்தையும் பிற கப்பல்களுக்குத் தாமே அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி, பேசுவதற்கு வானொலி ஆகியவை உண்டு. இத்தனை இருந்தும் மோதல் நிகழ்ந்தது. தன்னியக்கக் கப்பல்களை ஆதரிப்போர் இவ்விடத்தில் ஒரு கேள்வியை எழுப்புவர்: "மனிதர் களைப்படைகின்றனர், கவனம் சிதறுகின்றனர், தவறாக ஊகிக்கின்றனர். உறங்காத கண்ணும் தளராத கணக்கும் உடைய இயந்திரத்திடம் சுக்கானை ஒப்படைத்தால் என்ன?" இதனை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. கடல் விபத்துகள் பெரும்பாலானவற்றில் மனிதப் பிழைக்கு ஏதேனும் ஒரு பங்கு உண்டு என்பது உண்மை.

ஆளில்லாக் கப்பல் எது?

நார்வே நாட்டின் 'யாரா பிர்க்லண்ட்' என்னும் மின்கலக் கப்பல் எண்பது மீட்டர் நீளமுடையது. உர ஆலை ஒன்றிலிருந்து பிரெவிக் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டகங்களை எடுத்துச் செல்கிறது. 2022இல் அது வணிகப் பயணத்தைத் தொடங்கியபோது மாலுமிகளும் உடனிருந்தனர். படிப்படியாக அவர்களைக் குறைப்பதே திட்டம். அதே ஆண்டில் ஜப்பானில் 'சுசாகு' என்னும் பெட்டகக் கப்பல், நெரிசல் மிகுந்த டோக்கியோ விரிகுடா வழியாக ஏறத்தாழ 790 கிலோமீட்டர் தொலைவைப் பெரும்பாலும் தானாகவே கடந்து காட்டியது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில், 'மாதங்கி' என்னும் தன்னியக்கப் படகு மும்பையிலிருந்து தூத்துக்குடி நோக்கி அனுப்பப்பட்டது. எனவே இது நம் கரைக்கு வராத செய்தி என்று இருந்துவிட இயலாது.

தெரிந்து தெளிவோம்

இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, தன் ஆய்வின் பொருட்டுத் தன்னியக்கக் கப்பல்களை நான்கு நிலைகளாகப் பகுத்தது. முதல் நிலையில் மாலுமிகள் கப்பலில் இருப்பர். சில பணிகளை இயந்திரம் செய்யும். இரண்டாம் நிலையில் கப்பல் வேறோர் இடத்திலிருந்து இயக்கப்படும். எனினும் மாலுமிகள் கப்பலில் இருப்பர். மூன்றாம் நிலையில் கப்பலில் எவரும் இலர். கரையிலுள்ள மையத்திலிருந்து அது இயக்கப்படும். நான்காம் நிலையில் கப்பலே முடிவெடுத்துச் செயற்படும். இவற்றை ஆராயும் பணி 2021 மே மாதத்தில் நிறைவுற்றது.

பார்த்தல் என்னும் கடமை

கடலில் கப்பல்கள் மோதாமல் தடுப்பதற்கென 1972இல் உருவான பன்னாட்டு விதிகள் 1977 முதல் நடைமுறையில் உள்ளன. சாலைவிதிகளைப் போன்றவை அவை. இயந்திரத்தால் இயங்கும் இரு கப்பல்கள் குறுக்கே சந்திக்க நேர்ந்தால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கப்பல் விலகவேண்டும். மற்றது தன் போக்கையும் வேகத்தையும் மாற்றாது செல்லவேண்டும். இத்தகைய விதியைக் கணினிக்குக் கற்பிப்பது அரிதன்று. மனிதரைவிடக் கணினி அதனைத் தவறாது கடைப்பிடிக்கவும் கூடும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாம் விதி, ஒவ்வொரு கலமும் கண்ணாலும் செவியாலும் கிடைக்கும் பிற வழிகள் அனைத்தாலும் எப்போதும் விழிப்புடன் கண்காணிக்கவேண்டும் என்கிறது. கண்ணும் செவியும் யாருடையவை? ஒளிப்படக் கருவி காண்பதைக் காட்சி என்றும் ஒலிவாங்கி பெறுவதைக் கேள்வி என்றும் சட்டம் ஏற்குமா? இரண்டாம் விதி இன்னும் ஆழமானது. விதிகளைப் பின்பற்றினேன் என்று சொல்லி எவரும் தப்பிக்க முடியாது. கடலோடிகளின் இயல்பான நடைமுறை எதைக் கோருகிறதோ அதையும் செய்யவேண்டும். உடனடி ஆபத்தைத் தவிர்க்கத் தேவையெனில் விதியிலிருந்து விலகவும் வேண்டும் என்பது அதன் கருத்து. விதியை எழுதியவர்களே, விதி போதாத நேரம் வரும் என்று அறிந்து, அந்நேரத்தைக் கலத்தில் நிற்கும் மனிதரின் அறிவுக்கு விட்டுவைத்தனர். கடல்சார் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த 'இயல்பான நடைமுறை' எந்த நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. எண்ணூரை எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அதற்கு வடக்கே காமராசர் துறைமுகம், அதனையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். தெற்கே காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும் சென்னைத் துறைமுகமும். அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொணரும் கப்பல்கள் முறைக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கும். காசிமேட்டின் விசைப்படகுகள் இப்பகுதியைக் கடந்து செல்லும். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் ஃபைபர் படகுகள் இங்கேயே வலை வீசும். இரு கப்பல்களைப் பற்றிய விதியைக் கொண்டு, ஒரு கப்பலும் ஏழு படகுகளும் மூன்று வலைகளும் கூடிய நீர்ப்பரப்பை அளப்பது எளிதன்று.

காணாமற்போகும் படகு

இவ்விடத்தில்தான் என் முதன்மையான ஐயம் எழுகிறது. தன்னியக்கக் கப்பல், பிற கப்பலை எவ்வாறு அறிகிறது? ரேடாரின் எதிரொலியால், தானியங்கி அடையாளக் கருவியின் அறிவிப்பால், ஒளிப்படக் கருவிகளின் காட்சியால். ஃபைபர் படகோ ரேடார் அலையை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். கட்டுமரம் நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். அலைகள் எழுப்பும் எதிரொலிகளுக்கிடையே அதன் எதிரொலி கரைந்துபோகும். பன்னாட்டு விதியின்படி அடையாளக் கருவி பொருத்த வேண்டிய கட்டாயம் பெருங்கப்பல்களுக்கே உண்டு. மீன்பிடிக் கலங்களுக்கென இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை அரசு வழங்கிவருவது வரவேற்கத்தக்கது. ஆயினும் அவை புயல் எச்சரிக்கை பெறவும் ஆபத்தில் உதவி கோரவும் முதன்மையாகப் பயன்படுபவை. எதிரே வரும் கப்பலுக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நொடிதோறும் சொல்லும் வேலை வேறு.

எஞ்சியிருப்பது ஒளிப்படக் கருவி. படங்களைக் கொண்டு பயிற்றப்படும் இயந்திரம், தனக்குக் காட்டப்பட்டவற்றையே நன்கு அறியும். ஐரோப்பியக் கடல்களின் பாய்ப்படகுகளையும் மீன்பிடிக் கப்பல்களையும் பார்த்துப் பழகிய ஒன்று, நான்கு மரங்களைக் கயிற்றால் பிணைத்து அதன்மேல் இருவர் அமர்ந்திருக்கும் கட்டுமரத்தைக் கலமென்று கொள்ளுமா, மிதக்கும் மரத்துண்டு என்று கொள்ளுமா? 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல்லை உலகக் கடல்களுக்கு வழங்கியது நம் கட்டுமரம். சொல்லை அறிந்த உலகின் இயந்திரங்கள் பொருளை அறியாதிருப்பின், அதைவிடப் பெரிய முரண் ஏது?

நள்ளிரவில் ஒரு கப்பல் தம்மை நோக்கி வருவதைக் கண்டால், சிறுபடகில் இருப்பவர் கைவிளக்கை எடுத்து அக்கப்பலின் மேற்றளத்தை நோக்கி அசைப்பார். அந்த அசைவுக்கு எந்தச் சைகைநூலிலும் இடமில்லை. ஆயினும் மேற்றளத்தில் நிற்கும் மாலுமிக்கு, அந்த ஒளியின் பதற்றத்திலேயே பொருள் விளங்கிவிடும். அங்கே வலை கிடக்கிறது, வலையை விட்டு அவரால் நகர முடியாது என்பதையும் அவர் உணர்ந்துகொள்வார். மீன்பிடியில் ஈடுபட்டு எளிதில் விலக இயலாத கலத்துக்குப் பிற இயந்திரக் கலங்கள் வழிவிடவேண்டும் என்பது விதி. குறுகிய கால்வாயில் மட்டும் மீன்பிடிக் கலம் பிறருக்கு இடையூறாகக் கூடாது. கால்வாய் எங்கே முடிகிறது, திறந்த கடல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையில்தான் எண்ணூரின் பிணக்குகள் பலவும் நிகழ்கின்றன. சேதமடையும் வலை ஒன்றின் விலையை ஈட்ட ஒரு குடும்பம் பல மாதம் உழைக்கவேண்டும். அதை அறுத்துச் சென்ற கப்பல் எதுவென்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

வடசென்னையில் ஆசிரியப் பணியாற்றும் எவருக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாள்களில் வகுப்பில் சில முகங்கள் பாடநூலைப் பார்ப்பதில்லை, சாளரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே தன்னியக்கக் கப்பலின் பாதுகாப்பைச் சோதிப்பவர்கள், அது இன்னொரு பெருங்கப்பலைத் தவிர்க்கிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது. வாடைக்காற்று வீசும் மார்கழி இரவில், விளக்குக் குறைந்த ஃபைபர் படகை அது காண்கிறதா என்பதே எண்ணூருக்கான தேர்வாக இருக்கவேண்டும். நார்வேயின் அமைதியான கடற்கழியில் தேறிய சான்றிதழை நம் கடலுக்கும் செல்லும் என்று ஏற்கலாகாது. சோதனையை வகுக்கும் குழுவில், கப்பற்பொறியாளரோடு காசிமேட்டு மீனவருக்கும் இருக்கை வேண்டும். இது இரக்கத்தால் கேட்பதன்று. இக்கடலில் இயந்திரம் எங்கெங்கே தவறும் என்பதை முன்கூட்டியே சொல்லவல்ல அறிவு அவரிடம் இருக்கிறது.

கரையில் அமர்ந்திருக்கும் கண்

"இயந்திரம் தடுமாறினால் கரையில் இருக்கும் மனிதர் பொறுப்பேற்றுக்கொள்வார்" என்று மறுமொழி கூறப்படும். 1995 ஜூன் மாதம் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவுகொள்ள வேண்டும். ஏறத்தாழ 1500 பேருடன் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற 'ராயல் மெஜஸ்டி' என்னும் பயணியர் கப்பலில், செயற்கைக்கோள் இடங்காட்டியின் அலைவாங்கிக் கம்பி கழன்றுபோயிற்று. கருவி ஓயவில்லை, பழைய கணக்கைக் கொண்டு தோராயமான இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. தானியங்கிச் சுக்கான் அதை நம்பிக் கப்பலைச் செலுத்தியது. மாலுமிகள் கருவியை நம்பினர். ஏறத்தாழ 34 மணிநேரத்துக்குப் பிறகு, செல்லவேண்டிய வழியிலிருந்து 17 கடல்மைல் விலகி, நான்டக்கெட் தீவுக்கருகே மணல்திட்டில் கப்பல் ஏறிநின்றது. நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை.

கப்பலிலேயே இருந்த மாலுமிகள் ஒன்றரை நாள் ஏமாந்தனர். எனில், பல நூறு கடல்மைல் தொலைவில், குளிரூட்டிய அறையில், நான்கைந்து திரைகளை நோக்கி அமர்ந்திருப்பவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எப்போதும் சரியாக ஓடும் கருவியைக் கண்காணிப்பது மனித மனத்துக்கு மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. அதுவரை சும்மா இருந்தவரிடம், கடைசி இரு நிமிடத்தில் கடலின் முழு நிலைமையையும் புரிந்துகொண்டு முடிவெடுக்கச் சொல்வது, தேர்வு மணி அடித்தபின் வினாத்தாளைக் கையில் கொடுப்பது போன்றது. சுமையேற்றிய பெரிய எண்ணெய்க் கப்பல் முழுவேகத்திலிருந்து நிற்பதற்குச் சில கிலோமீட்டர் தொலைவு தேவை. செயற்கைக்கோள் சைகையைப் போலிச் சைகையால் குழப்ப முடியும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

ஆகவே துறைமுக எல்லையிலும் அதனையடுத்த மீன்பிடி நீர்ப்பரப்பிலும் ஒரு கப்பலுக்கு ஒரு மனிதர் என்பதே முறையாக இருக்கவேண்டும். ஒருவரே பல கப்பல்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் சலுகை, விரிந்த நடுக்கடலுக்குப் பொருந்தலாம். முகத்துவாரத்துக்குப் பொருந்தாது. செலவைக் குறைக்கும் பொருட்டு வரும் தொழில்நுட்பம், முதலில் குறைப்பது கவனமாக இருந்துவிடக் கூடாது.

எவரைக் கேட்பது?

2017இல் பி.டபிள்யூ. மேப்பிள் மேன் தீவின் கொடியையும், டான் காஞ்சிபுரம் இந்தியக் கொடியையும் ஏந்தியிருந்தன. கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி ஒரு நாட்டில், காப்பீடு ஒரு நாட்டில் என இருப்பது கடல் வணிகத்தின் இயல்பு. தன்னியக்கக் கப்பலில் இந்தப் பட்டியல் நீளும். மென்பொருளை எழுதியவர் ஓரிடம். உணர்கருவியைச் செய்தவர் ஓரிடம். இயக்கும் மையம் வேறோரிடம். எர்ணாவூர்க் கரையில் கசடு ஒதுங்கினால் மீனவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இன்று குறைந்தபட்சம், கப்பலின் தலைவர் என்று ஒருவர் இருக்கிறார். கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்து அவரை விசாரிக்கலாம்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் நடந்த உரையாடல்களில் ஒரு நல்ல கருத்து உருப்பெற்றுள்ளது. எந்த நிலையில் இயங்கினாலும், தன்னியக்கக் கப்பலுக்குப் பொறுப்பான தலைவராக ஒரு மனிதர் இருந்தே ஆகவேண்டும். அவர் கப்பலில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்பது அக்கருத்து. இதனை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அது பாதிவழியே. அம்மனிதர் நம் நீதிமன்றம் அழைத்தால் வரக்கூடியவராக இருக்கவேண்டும். 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2025இல் புதிய சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. தன்னியக்கக் கப்பலை நம் கடல் எல்லைக்குள் விடுமுன், அதன் தலைவரின் பெயரும் அவர் இருக்கும் இடமும் இழப்பீட்டுக்கான நிதி உறுதியும் கையில் இருக்கவேண்டும் என்பதை அச்சட்டத்தின் வழி வகுக்கப்படும் விதிகளில் சேர்க்க இதுவே நேரம்.

இயந்திரத்தின் பக்கம் நின்று ஒன்று சொல்லவேண்டும். 2017இல் மக்களை மிகவும் புண்படுத்தியது மோதலைவிட, மோதலுக்குப் பிறகு வந்த மறுப்புதான் என்பது என் எண்ணம். தன்னியக்கக் கப்பல் தான் கண்ட ஒவ்வொன்றையும், எடுத்த ஒவ்வொரு முடிவையும் நொடிவாரியாகப் பதிந்துவைக்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் குறைந்தது என்பதையும் அது உடனே அறியும். அப்பதிவு, விபத்து நிகழ்ந்த சில மணிநேரத்துக்குள் கடலோரக் காவல்படைக்கும் மாவட்ட நிருவாகத்துக்கும் தானாகவே சென்றுசேர வேண்டும் என விதிப்போமாயின், கசடு கரையொதுங்கும்வரை காத்திருந்து உண்மையை அறியும் நிலை மாறும். பதிவு நிறுவனத்தின் உடைமை, வணிக மறைபொருள் என்று கூறி அதைப் பூட்டிவைக்க இடம்கொடுத்தால், மனிதரைவிட இயந்திரம் நன்றாகப் பொய்சொல்லக் கற்றுக்கொண்டது என்றே பொருள்.

இறங்கிய மாலுமியும் இறங்காத மாலுமியும்

ஆளில்லாக் கப்பலால் காக்கப்படும் உயிர்களும் உண்டு. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் நங்கூரம் இழுபட்டு, 'பிரதிபா காவேரி' என்னும் கப்பல் சென்னை எலியட்ஸ் கடற்கரையருகே தரைதட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளுள் சிலர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். சிலரைக் கரையோர மீனவர்கள் காப்பாற்றினர். அக்கப்பலில் எவருமே இல்லாதிருந்தால் அன்று ஓர் உயிரும் போயிருக்காது. இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

மற்றொரு நிகழ்வும் கண்முன் நிற்கிறது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் பெட்டகக் கப்பல் 640 பெட்டகங்களுடன் சாய்ந்தது. 24 மாலுமிகளுள் 21 பேர் முதல்நாளே மீட்கப்பட்டனர். கப்பல் தலைவரும் பொறியாளர் இருவரும் மட்டும், கப்பலைக் காப்பாற்ற முயல்வதற்காக இரவு முழுதும் அதிலேயே இருந்தனர். மறுநாள் கப்பல் மூழ்கும் நிலையில் இந்தியக் கடற்படை அவர்களை மீட்டது. அவர்களால் கப்பலைக் காக்க முடியவில்லை. ஆயினும் சாய்ந்துகொண்டிருக்கும் கப்பலில் இருந்து முயல்வதற்கு மூன்று பேர் இருந்தனர். ஆளில்லாக் கப்பல் சாயும்போது அம்மூவரின் இடத்தை எது நிரப்பும் என்பதற்கு விதி எழுதுவோர் விடைகூற வேண்டும். துறைமுகந்தோறும் ஆயத்தநிலையில் இழுவைக் கப்பலும் மீட்புக் குழுவும் தேவைப்படும். அச்செலவைக் கப்பல் நிறுவனமா, கரையில் வாழ்வோரின் வரிப்பணமா, எது ஏற்கும்?

டைட்டானிக் மூழ்கியபின் 1914இல் தோன்றியது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை. ஆபத்தில் இருப்போரின் குரலைக் கேட்டால் முழுவேகத்தில் சென்று உதவவேண்டிய கடமையைக் கப்பல் தலைவர்மீது அது இன்றும் சுமத்துகிறது. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதக்கும் இருவரைக் கண்டால் ஆளில்லாக் கப்பல் என்ன செய்யும்? செய்தி அனுப்பும், நிற்கும், ஏணியைக்கூடத் தானாக இறக்கலாம். களைத்துப்போன கையைப் பிடித்துத் தூக்க அங்கே எவருமில்லை. மீனவர்கள் எத்தனையோ மாலுமிகளைக் கரைசேர்த்த கடல் இது. அக்கடமை ஒருவழிப் பாதையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதற்கும் கப்பலுக்கும் தொடர்பில்லை. ஆனால் அதை அள்ளுவதற்கு மீண்டும் மீனவரே படகுகளில் சென்றனர்; அவர்கள் கையில் மீண்டும் வாளிகளும் குவளைகளும் இருந்தன. ஆறு ஆண்டுகளில் நம் ஆயத்தநிலை எவ்வளவு முன்னேறியது என்பதை அக்காட்சியே சொல்லிவிட்டது. மனிதர் ஓட்டும் கப்பலின் எண்ணெயையே அள்ள வழியறியாத கரை, மனிதர் ஓட்டாத கப்பலுக்கு அவசரப்பட்டுக் கதவைத் திறக்கவேண்டிய தேவை என்ன?

இத்துறையில் பணியாற்றப் போகிறவர்களுள் உங்களில் சிலரும் இருப்பீர்கள். உலகக் கப்பல்களுக்கு மாலுமிகளை வழங்கும் முன்னணி நாடுகளுள் இந்தியா ஒன்று. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையிலேயே இருக்கிறது. தன்னியக்கம் பெருகினால் மேற்றளத்தில் வேலை குறையும். கரைமையங்களில் வேலை பெருகும். கடலுக்கே செல்லாத ஒருவரைக் கரையில் கப்பல் தலைவராக அமர்த்துவது சிக்கனமாகத் தோன்றும். அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. கரையில் அமர்பவர் முன்பு கடலில் நனைந்தவராக இருக்கவேண்டும்.

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வகுத்துள்ள காலத் திட்டம் இது: முதலில் 2026இல் கட்டாயமற்ற விதித்தொகுப்பு, அதன்பின் பல நாடுகளின் பட்டறிவைத் திரட்டும் காலம், 2032 ஜனவரி 1 முதல் கட்டாய விதித்தொகுப்பு. இடைப்பட்ட ஆண்டுகளில் உறுப்பு நாடுகள் தத்தம் கடல்களில் கண்டவற்றை அங்கே முன்வைக்கும். நார்வே தன் கடற்கழியைப் பற்றிக் கூறும்; ஜப்பான் தன் விரிகுடாவைப் பற்றிக் கூறும். தாழங்குப்பத்து ஃபைபர் படகைப் பற்றி இந்தியாதான் கூறவேண்டும். அதற்கு, எண்ணூர்க் கடலில் இரவுதோறும் எத்தனை படகுகள் எங்கெங்கே வலைவிரிக்கின்றன, ரேடாரில் அவற்றுள் எத்தனை தென்படுகின்றன என்று யாரேனும் அளந்து எழுதியிருக்க வேண்டும். அந்த அளவீட்டை மீன்வளத் துறையும் துறைமுகங்களும் மீனவக் கூட்டுறவுச் சங்கங்களும் கூடி இந்த ஆண்டே தொடங்கலாம்.